உப்புக் காற்றில் பழைய கார்: பிடிபடாத கோளாறுகளைக் கண்டறியும் வழிகள்

பழைய காரில் அதிகம் அலைக்கழிப்பது வந்து வந்து போகும் கோளாறு. ஃபியூஸ் எரிந்தால் கண்ணுக்குத் தெரியும், பெல்ட் அறுந்தால் சத்தமே சொல்லிவிடும். காலையில் செல்ஃப் எடுக்காமல் முரண்டு பிடித்த வண்டி வெயில் ஏறியதும் தொட்டவுடன் கிளம்புகிறது. இன்னொன்று இருபது கிலோமீட்டர் ஓடியபின் சொல்லாமல் கொள்ளாமல் நின்று, அரைமணி கழித்துத் தானே உயிர் பெறுகிறது. வேறொன்றில் பிரேக்கை மிதித்தால் இண்டிகேட்டர் மங்கலாக எரிகிறது. பட்டறையில் கொண்டுபோய் நிறுத்தினால் எல்லாம் ஒழுங்காக வேலை செய்யும். இப்படிப்பட்ட கோளாறு எந்த ஊர்க் காரிலும் வரக்கூடியதே. ஆனால் கடலாடி, சாயல்குடி, வாலிநோக்கம், ஏர்வாடி என்று மன்னார் வளைகுடாவை ஒட்டிக் கிடக்கும் ஊர்களில் அதற்கு ஒரு தனிக் காரணம் உண்டு. அது உப்பு.

மாரியூர், வாலிநோக்கம் பகுதியில் தமிழ்நாடு உப்புக் கழகத்தின் உப்பளங்கள் இருக்கின்றன. பாத்தியில் உப்பு விளைய உதவும் அதே வெயிலும் காற்றும் நிறுத்தி வைத்த காரையும் சும்மா விடுவதில்லை. அலை உடையும்போது எழும் நுண்துளிகள் காற்றோடு உள்ளே வந்து, நீர் வற்றி, கண்ணுக்குத் தெரியாத உப்புத் துகளாகப் படிகின்றன. சமையல் உப்பு, காற்றின் ஈரப்பதம் ஏறத்தாழ 75 சதவீதத்தைத் தாண்டும்போது தானே ஈரத்தை இழுத்துக் கரையத் தொடங்கும். கடலுப்பில் கலந்திருக்கும் மக்னீசியம் குளோரைடுக்கோ 33 சதவீதமே போதும். ஆகவே டெர்மினல் மேலும் டிஸ்ட்ரிபியூட்டர் மூடி மேலும் படிந்த உப்பு, இரவில் மின்சாரம் கடத்தும் ஈரப் படலமாகிறது. நடுப்பகலில் ஓரளவு காய்ந்து தூளாகிறது. காலையில் இருந்த கோளாறு மதியம் காணாமல் போவதன் ரகசியம் பெரும்பாலும் இதுதான். கோளாறு எந்த நேரத்தில் வருகிறது என்பது இந்தக் கடற்கரையில் முதல் தடயம்.

இந்தப் பகுதியின் அரிப்பு அறிவியல் ஆய்வுக்கும் உள்ளானது. 1948-ல் அடிக்கல் நாட்டப்பட்டு 1953-ல் திறக்கப்பட்ட காரைக்குடி மத்திய மின்வேதியியல் ஆராய்ச்சி நிலையம், உலோகங்கள் கடற்காற்றில் எப்படி அரிபடுகின்றன என்பதை மண்டபம் கடற்கரையில் வைத்துச் சோதித்து வந்திருக்கிறது. 1914-ல் திறந்த பாம்பன் ரயில் பாலம் காலமெல்லாம் துருவோடு மல்லுக்கட்டி, கடைசியில் 2022 டிசம்பரில் ரயில் போக்குவரத்துக்கு மூடப்பட்டது. கனத்த இரும்புத் தூலங்களுக்கே அந்தக் கதி என்றால், தலைமுடி அளவு செப்பு இழைகளைத் திரித்துச் செய்த காரின் ஒயருக்கு என்ன ஆகும் என்று யோசித்துக்கொள்ளலாம்.

செம்பில் ஏறும் பச்சைக் களிம்பு வெளியே தெரிந்தால் நல்லது, துடைத்துவிடலாம். ஒயரின் உள்ளே ஏறுவதுதான் ஆபத்து. திரித்த இழைகளுக்கு இடையே உள்ள நுண்ணிய இடைவெளி, விளக்குத் திரி எண்ணெயை இழுப்பதுபோல உப்பு நீரை இழுக்கிறது. முனையிலிருந்து நீளவாக்கில் உள்ளே செப்பு கறுத்து, இழை இழையாக இற்றுப்போகும். மேலுறை மட்டும் புதுசு போல இருக்கும். தனுஷ்கோடியில் அரிச்சல்முனை வரை 2017-ல் தார்ச்சாலை வரும் முன்பு, கடல்நீர் தேங்கிய மணலில் பயணிகளை ஏற்றி ஓடிய ஜீப்புகளும் வேன்களும் இந்த அழிவுக்கு எளிதில் இரையாகக்கூடியவை. சக்கரம் வாரி அடிக்கும் நீர் நேராகப் போய்ச் சேருவது அடிப்பக்க ஒயர் முனைகளில்தான்.

ஏன் பழைய கார் குறிப்பாக? அதன் மின்னமைப்பே அப்படி. பேட்டரியிலிருந்து விளக்குக்கும் ஹாரனுக்கும் போக ஒரு ஒயர் உண்டு, திரும்பி வரத் தனி ஒயர் கிடையாது. காரின் உடல்தான் திரும்பும் வழி. இதைத்தான் பட்டறையில் எர்த் என்கிறார்கள். மாரிஸ் ஆக்ஸ்ஃபோர்டை அடிப்படையாகக் கொண்டு வங்காளத்தின் உத்தர்பாராவில் 1950களின் பிற்பகுதியில் தொடங்கி 2014 வரை உருவான அம்பாசிடர், ஃபியட் 1100 வழிவந்த பிரீமியர் பத்மினி, 1983 டிசம்பரில் வந்த மாருதி 800, மகிந்திரா ஜீப் எல்லாவற்றுக்கும் இதே ஏற்பாடுதான். பிரிட்டிஷ் வழி வந்த பழைய வண்டிகளில் ஃபியூஸ் இரண்டே இரண்டு. ஹெட்லைட்டுக்கும் இக்னிஷனுக்கும் அதுகூடக் கிடையாது. ஒயர்கள் சேரும் இடங்களில் தோட்டா வடிவப் பித்தளை முனைகளைக் குழாயில் செருகியிருப்பார்கள். ஒவ்வொரு செருகலும் உப்பு நுழையும் வாசல்.

இடையில் ஒரு பழங்கதை. பிரிட்டனில் லூகாஸ் நிறுவனம் 1930களின் நடுவில் பேட்டரியின் பாசிட்டிவ் முனையை உடலோடு இணைக்கும் முறைக்கு மாறியது. டெர்மினல் அரிப்பு குறையும் என்பது அதற்குச் சொன்ன காரணங்களில் ஒன்று. 1960களில் மறுபடி நெகட்டிவ் எர்த்துக்கே திரும்பினார்கள். மிகப் பழைய வண்டியில் கை வைக்குமுன் எந்த முனை உடலோடு சேர்ந்திருக்கிறது என்று பார்த்துக்கொள்வது இதனால்தான். மாற்றி இணைத்தால், பின்னாளில் பொருத்திய ஆல்டர்னேட்டரின் டையோடுகள் ஒரு நொடியில் போய்விடும்.

எர்த் கெட்டால் என்னவெல்லாம் நடக்கும் என்பதே இந்தப் பொருளின் மையம். செல்ஃப் மோட்டார் என்ஜினைச் சுற்ற 150 ஆம்பியர் இழுக்கிறது என்று வைத்துக்கொண்டால், வழியில் 0.01 ஓம் மின்தடை இருந்தாலே 1.5 வோல்ட் அங்கேயே தீர்ந்துவிடும். 0.01 ஓம் என்பது ஒரு போல்ட்டுக்கு அடியில் உள்ள துருப் படலம்; சாதாரண மல்டிமீட்டரை ஓம் அளவில் வைத்துப் பார்த்தால் கண்ணிலேயே படாது. மீட்டரின் இரண்டு கம்பிகளைச் சேர்த்துத் தொட்டாலே அது 0.2, 0.3 என்று காட்டும். அப்படியிருக்க, "எர்த் நல்லா இருக்கு, மீட்டர்ல பார்த்தாச்சு" என்ற பேச்சுக்கு மதிப்பில்லை.

என்ஜின் ரப்பர் மவுண்டிங் மேல் உட்கார்ந்திருக்கிறது. அதை உடலோடு இணைப்பது பின்னல் பட்டையான ஒரு எர்த் ஸ்ட்ராப். அது இற்றுப்போனால், செல்ஃப் இழுக்கும் மின்சாரம் வேறு வழி தேடும். சோக் கேபிள், ஆக்ஸிலரேட்டர் கேபிள் என்று என்ஜினையும் உடலையும் தொடும் எந்த உலோகமும் அதற்கு வழிதான். சோக் கம்பி சூடாகிப் புகைவதும், ஆக்ஸிலரேட்டர் கேபிள் உறைக்குள் ஒட்டிக்கொள்வதும் இதன் அறிகுறிகள். கேபிளை மாற்றி மாற்றிப் பயனில்லை. ஒரு ஜம்பர் கேபிளால் பேட்டரி நெகட்டிவையும் என்ஜின் பிளாக்கையும் நேராக இணைத்துச் செல்ஃப் அடித்துப் பார்த்தால் ஐந்து நிமிடத்தில் விடை கிடைக்கும்.

பின் விளக்கு இன்னும் வேடிக்கையானது. ஒரே பல்பில் 21 வாட், 5 வாட் என இரண்டு இழைகள். இரண்டுக்கும் பொதுவாக ஒரே எர்த். அந்த எர்த் விட்டுப்போனால், பிரேக் இழை வழியே வந்த மின்சாரம் உடலுக்குப் போக முடியாமல், பார்க்கிங் இழை வழியாகத் திரும்பி முன்விளக்குகள் வரை சுற்றி எர்த்தைத் தேடிப் பிடிக்கும். பிரேக்கை மிதித்தால் பார்க்கிங் லைட் எரியும், இண்டிகேட்டர் மங்கலாகத் தெரியும், எதுவும் முழு வெளிச்சம் தராது. ஒன்றோடொன்று சம்பந்தமில்லாதவை சேர்ந்து தவறாக நடந்தால், அவை பகிர்ந்துகொள்ளும் எர்த்தைத்தான் முதலில் பார்க்க வேண்டும். பெட்ரோல் முள்ளும் சூட்டு முள்ளும் ஒரே நேரத்தில் மேலே ஏறி நின்றாலும் இதே கணக்கு. பிரிட்டிஷ் பாணி டாஷ்போர்டில் இரண்டு முள்ளுக்கும் 10 வோல்ட் தரும் சிறு ஸ்டெபிலைசர் ஒன்று உண்டு. அதன் எர்த் போனால் பேட்டரியின் முழு வோல்ட்டேஜும் முள்ளுக்குப் போகும். டாங்கும் நிறையவில்லை, என்ஜினும் கொதிக்கவில்லை.

ஹெட்லைட் மங்குவதும் பெரும்பாலும் பல்பின் குற்றமல்ல. இழை பல்பின் வெளிச்சம் வோல்ட்டேஜைவிட வேகமாக விழும். வோல்ட்டேஜ் பத்தில் ஒரு பங்கு குறைந்தால் வெளிச்சம் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு போய்விடும். அதை ஈடுகட்ட 100 வாட் பல்பு போட்டால் அதிக மின்சாரம், அதிக இழப்பு, கடைசியில் உருகிய சுவிட்ச்.

கண்டறியும் முறைகளில் பரவலானது, சந்தேகப்பட்ட பாகத்தைக் கழற்றிவிட்டு வேறொன்றைப் போட்டுப் பார்ப்பது. உதிரிபாகக் கடை பக்கத்தில் இருந்தால் இது விரைவானது. ஒரு அம்பாசிடர் பாகத்துக்காக மதுரைக்கோ சென்னைப் புதுப்பேட்டைக்கோ ஆள் அனுப்ப வேண்டிய ஊரில் காசுக்கும் நாளுக்கும் கேடு. அதைவிடப் பெரிய குறை வேறு. பாகத்தைக் கழற்றி மாட்டும்போதே டெர்மினல் உரசிச் சுத்தமாகிவிடும். பழைய பாகம்தான் கெட்டது என்று தோன்றும். இரண்டு மாதத்தில் கோளாறு திரும்ப வரும். கழற்றிய பழைய பாகத்தையே மறுபடி மாட்டிப் பார்க்கும் பழக்கம் இருந்தால் இந்த ஏமாற்று பாதி ஒழியும்.

அடுத்தது டிஜிட்டல் மல்டிமீட்டர். நல்ல கருவிதான். ஆனால் அது இழுக்கும் மின்சாரம் மிக மிகச் சிறியது. முப்பது இழைகளில் ஒன்று மட்டும் மிஞ்சிய ஒயரிலும் அது 12 வோல்ட் முழுசாகக் காட்டும். பழைய ஆட்டோ எலக்ட்ரீஷியன்கள் கையில் வைத்திருந்த பல்பு டெஸ்டர், அதுவும் 21 வாட் பல்பில் செய்தது, இங்கே மீட்டரை விஞ்சுகிறது. ஒற்றை இழை அந்தப் பாரத்தைத் தாங்காது, பல்பு எரியாது. எலக்ட்ரானிக் பெட்டி உள்ள வண்டியில் மட்டும் அந்த டெஸ்டரை நீட்டக் கூடாது.

இரண்டையும் சேர்த்த முறைதான் நம்பகமானது: பாரம் ஓடும்போது வோல்ட்டேஜ் இழப்பை அளப்பது. முதலில் பேட்டரி. சிறிது நேரம் ஓய்ந்திருந்த பேட்டரி 12.6 வோல்ட் காட்டினால் நிறைந்தது, 12.2 பாதி, 12-க்குக் கீழே போனால் அதைச் சார்ஜ் செய்யாமல் வேறு எதையும் சோதிப்பது வீண். பிறகு மீட்டரின் ஒரு கம்பியைப் பேட்டரி நெகட்டிவ் கட்டையின் ஈயத்திலேயே வைத்து, மறு கம்பியை என்ஜின் பிளாக்கில் வைத்து, ஒருவர் செல்ஃப் அடிக்க வேண்டும். 0.2 வோல்ட்டுக்கு மேல் காட்டினால் எர்த் வழியில் தடை இருக்கிறது. கம்பியைக் கட்டையிலிருந்து கிளாம்புக்கும், கிளாம்பிலிருந்து கேபிளுக்கும், கேபிளிலிருந்து பாடி போல்ட்டுக்கும் நகர்த்தினால், எந்த இரண்டு புள்ளிக்கு நடுவே எண் குதிக்கிறதோ அங்கேதான் குறை. பாசிட்டிவ் பக்கமும் இப்படியே. முழு வழியிலும் 0.5 வோல்ட் வரை பொறுக்கலாம். விளக்கைப் போட்டுக்கொண்டு விளக்கின் எர்த்தையும் இதே வகையில் பார்க்கலாம். எதையும் கழற்ற வேண்டியதில்லை என்பதால் தடயம் கலையாமல் இருக்கிறது.

இரவோடு இரவாகப் பேட்டரி இறங்கிவிடுவது தனிப் புதிர். 45 ஆம்பியர்-மணி பேட்டரியில் அரை ஆம்பியர் கசிந்தால் 90 மணி நேரத்தில், அதாவது நாலு நாளுக்குள், காலி. கார்புரேட்டர் காலத்து வண்டியில் சாவியை எடுத்தபின் கடிகாரமும் பாட்டுப் பெட்டியும் தவிர எதுவும் மின்சாரம் குடிக்கக் கூடாது. நெகட்டிவ் கேபிளைக் கழற்றி நடுவே ஆம்பியர் மீட்டரைச் சேர்த்து, ஃபியூஸ்களை ஒவ்வொன்றாகப் பிடுங்கிப் பார்ப்பது வழக்கம். ஃபியூஸ் வழியாகப் போகாத ஆல்டர்னேட்டர் இதில் தப்பிவிடும். ராத்திரி முழுக்க நின்ற வண்டியின் ஆல்டர்னேட்டர் காலையில் கைக்கு வெதுவெதுப்பாக இருந்தால் டையோடு கசிகிறது. கடற்கரையில் இன்னொரு கசிவும் உண்டு: பேட்டரியின் தலையிலேயே அமில ஈரமும் உப்பும் சேர்ந்து படலமாகிவிடும். மீட்டரின் ஒரு கம்பியை டெர்மினலிலும் மறு கம்பியைப் பெட்டியின் பிளாஸ்டிக் மேலும் வைத்தால் வோல்ட்டேஜ் காட்டும். ஆப்பசோடாவைக் கரைத்து, மூடித் துளைகளுக்குள் இறங்காமல் கழுவித் துடைத்தால் தீர்ந்தது.

சார்ஜிங் பற்றி அதிகம் சொல்லத் தேவையில்லை. என்ஜின் ஓடும்போது பேட்டரியில் 13.8 முதல் 14.4 வரை இருந்தால் சரி. தனி ரெகுலேட்டர் உள்ள வண்டியில், ரெகுலேட்டர் பெட்டியின் எர்த் கெட்டால் அது பேட்டரி இறங்கியிருக்கிறது என்று தவறாக எண்ணி அதிகமாகச் சார்ஜ் ஏற்றும். அடிக்கடி பேட்டரித் தண்ணீர் வற்றுவதன் காரணம் அங்கே இருக்கலாம்.

இனி ஓடிக்கொண்டிருக்கும்போது நிற்கும் கோளாறு. இதில் மின்சாரத்தையும் பெட்ரோலையும் பிரித்தறிவதுதான் கஷ்டம். இரண்டும் ஒரே வேஷம் போடும். நிற்கும் விதத்தில் ஒரு குறிப்பு கிடைக்கும். இக்னிஷன் விட்டால் சாவியை அணைத்ததுபோல் பட்டென்று நிற்கும். பெட்ரோல் தட்டினால் இழுத்து இழுத்து, குலுங்கி, பிறகு நிற்கும். உறுதியான விடை, நின்ற இரண்டு நிமிடத்துக்குள் அந்த இடத்திலேயே பார்த்தால்தான் கிடைக்கும். ஆறியபின் எல்லாம் சரியாக இருக்கும். பிளக்கைக் கழற்றித் தீப்பொறி வருகிறதா என்று பார்க்க வேண்டும், அருகில் சிந்திய பெட்ரோல் இல்லாமல்.

பொறி இல்லையென்றால் சந்தேகம் முதலில் இக்னிஷன் காயில் மீது. உள்ளே விரிசல் விட்ட சுருள் சூட்டில் விரிந்து தொடர்பு அறுந்து, ஆறியதும் சேரும். சாதாரண 12 வோல்ட் காயிலின் முதன்மைச் சுருள் 3 ஓம் அளவு, பலாஸ்ட் ரெசிஸ்டரோடு வருவது 1.5 அளவு. சூடாக இருக்கும்போதே அளக்காவிட்டால் பயனில்லை. கண்டன்சர் கெட்டால் பாயிண்ட் விரைவில் கருகிக் குழியாகும். பாயிண்டை மட்டும் மாற்றி அனுப்பினால் வண்டி சீக்கிரமே திரும்ப வரும். இவற்றையெல்லாம் மாற்றியும் தீராத கோளாறுக்கு டிஸ்ட்ரிபியூட்டருக்குள் ஒரு மூலகாரணம் உண்டு: பாயிண்ட் உட்கார்ந்த அசையும் தட்டை வெளிக்கூட்டோடு இணைக்கும் விரல் நீளப் பின்னல் எர்த் ஒயர். வேக்குவம் தட்டை இழுக்கும்போதெல்லாம் அது வளைகிறது. வருடக்கணக்கில் வளைந்து உள்ளுக்குள் அறுந்தபின், ஐட்லிங்கில் ஒழுங்காக ஓடும் வண்டி, ஆக்ஸிலரேட்டரைக் கூட்டிக் குறைக்கும் நேரத்தில் மட்டும் மிஸ்ஸிங் அடிக்கும். வேக்குவம் குழாயை வாயால் உறிஞ்சித் தட்டை அசைய வைத்து, அந்நேரம் எர்த்தைச் சோதித்தால் அகப்படும். பாகத்தின் விலை சொற்பம். அதைக் கண்டுபிடிக்காமல் செலவழிந்த பணம் சொற்பமல்ல.

மார்கழி, தை பனியில் காலையில் மட்டும் கிளம்பாத வண்டிக்கு வழி வேறு. டிஸ்ட்ரிபியூட்டர் மூடியின் உட்புறம் பென்சிலில் கீறியதுபோல் மெல்லிய கருங்கோடு இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். உப்பும் பனியும் சேர்ந்த ஈரத்தில் உயர் மின்னழுத்தம் பாய்ந்து எரித்த தடம் அது. ஒருமுறை விழுந்தால் துடைத்துப் போகாது. மூடியை மாற்றியே ஆக வேண்டும். பிளக் ஒயர்களை இருட்டில் என்ஜினை ஓடவிட்டு, கை படாமல் தண்ணீர் தெளித்துப் பார்த்தால் கசியும் இடத்தில் நீலப் பொறி ஓடும்.

பொறி நன்றாக இருந்தால் பெட்ரோல். கத்திரி வெயிலில் பெட்ரோல் பம்பிலும் குழாயிலும் ஆவி அடைத்துக்கொள்வது பழைய வண்டிகளின் பரம்பரை வியாதி. பம்பின் மேல் ஈரத்துணி போட்டால் கிளம்புவது வைத்தியமும் ஆகும், சோதனையும் ஆகும். அதைப் போலவே ஏமாற்றுவது டாங்க் மூடி. மூடியின் காற்றுத் துளை தூசியும் உப்பும் அடைத்துக்கொண்டால், பெட்ரோல் குறையக் குறைய உள்ளே வெற்றிடம் உண்டாகி பம்ப் தோற்றுப்போகும். நின்றவுடன் மூடியைத் திறந்தால் காற்று உஸ்ஸென்று உள்ளே இழுபடும், வண்டியும் கிளம்பும். காயில், பம்ப், கார்புரேட்டர் மூன்றையும் மாற்றிய பிறகு மூடியில் வந்து முடிந்த கதைகள் பட்டறைகளுக்குப் புதிதல்ல. 2025 வாக்கில் நாடெங்கும் வந்துவிட்ட 20 சதவீத எத்தனால் கலந்த பெட்ரோல் இன்னொரு சிக்கல். எத்தனால் ஈரத்தை இழுக்கும், பழைய ரப்பர் குழாயையும் பம்ப் டயாஃப்ரத்தையும் கெடுக்கும், கார்புரேட்டரின் உலோகத்தில் வெள்ளைப் பொடி பூக்கவைத்து ஜெட்டை அடைக்கும்.

டீசல் வண்டியில் விசாரணை சுருக்கம். பழைய டீசல் என்ஜின் ஒருமுறை ஓடத் தொடங்கினால், நிறுத்தும் சொலினாய்டு இருந்தால் அதன் ஒயரைத் தவிர மின்சாரத்தின் தயவு அதற்குத் தேவையில்லை. ஆகவே ஒன்று அந்த ஒயர், இல்லையென்றால் டீசல் வழியில் ஏர். வெடித்த குழாய் டீசலை வெளியே கசியவிடாமலே காற்றை உள்ளே இழுக்கும். நடுவில் ஒரு துண்டு கண்ணாடிக் குழாய் போல் தெளிவான பிளாஸ்டிக் டியூப் சேர்த்தால் குமிழி தெரியும்.

எல்லாச் சோதனைக்கும் முன்னால் ஓட்டுபவரிடம் கேட்க வேண்டிய கேள்விகள் உண்டு. காலையிலா மாலையிலா, சூட்டிலா குளிரிலா, மேடு பள்ளத்திலா, டாங்க் நிறைந்திருந்தபோதா. கடைசியாக வண்டியில் யார் என்ன வேலை பார்த்தார்கள் என்பது எல்லாவற்றிலும் முக்கியம். பழைய காரின் ஒயரிங்கில் கம்பெனி போட்டதைவிடப் பின்னால் வந்தவர்கள் ஒட்டியது அதிகம்: ஏர் ஹாரனுக்கு ஒன்று, பனி விளக்குக்கு ஒன்று, ஸ்பீக்கருக்கு ஒன்று, எல்லாம் முறுக்கிக் கறுப்பு டேப் சுற்றியது. டேப்பின் பசை வெயிலில் இளகியதும் உப்பு உள்ளே போய்விடும். எலி கடித்த இடமும் இந்தக் கூட்டத்துக்குள்தான் ஒளிந்திருக்கும்.

கண்டுபிடித்த குறையை நிலையாகச் சரிசெய்வதில் இரண்டு கட்சி உண்டு. ஈயம் வைத்துப் பற்றவைப்பது ஒன்று, டெர்மினலை அழுத்திப் பொருத்துவது மற்றொன்று. பற்றவைத்த இடம் காற்றை அனுமதிக்காது; ஆனால் ஈயம் ஏறிய இழை விறைத்து, அதிர்வில் ஓரத்தில் ஒடியும். சரியான கருவியால் அழுத்தி, பசையுள்ள சுருங்கு குழாயைச் சூடாக்கிப் போர்த்துவதே இந்தக் கடற்கரைக்கு உகந்தது. கறுத்த செப்பை வெட்டிக்கொண்டே போய்ப் பளபளப்பு வரும் இடத்தில்தான் புது முனை போட வேண்டும். எர்த் போல்ட்டின் அடியில் பெயின்ட்டைச் சுரண்டி, பல் வாஷர் போட்டு முறுக்கியபின் மேலே வாசலின் தடவ வேண்டும். எர்த் ஸ்ட்ராப் ஒன்று இருக்கும் இடத்தில் இன்னொன்றும் சேர்த்துப் போடுவது செலவில்லாத காப்பு.

சரிசெய்த வண்டியை மதியம் மூன்று மணிக்கு ஓட்டிப் பார்த்து வாங்கிக்கொண்டு போவது வழக்கம். காலையில் வந்த கோளாறென்றால் ஒரு ராத்திரி பனியில் நிறுத்தி, விடியற்காலையில் செல்ஃப் அடித்து, எர்த் இழப்பு 0.2 வோல்ட்டுக்குள் இருக்கிறதா என்று அளந்து வாங்குங்கள்.